ஆடியில் எண்ணிய வண்டிகள்

என் பாசமுள்ள மாப்ள பாண்டி,

உன் மகள் கல்யாணம் முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. நல்ல நேரத்துக்குள் தாலி ஏறிவிட்டது. உன் தம்பிதான் தாரை வார்த்தான். இதை முதலில் சொல்லாவிட்டால் நீ பதறுவாய்.

ஆனால் பிள்ளை மண்டபத்துக்கு நடந்துதான் வந்தாள். பட்டுப்புடவையும் மாலையுமாக, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே. காரணம், நான் நேரம் வைத்துக் கொடுத்த சிக்னல்.

சமயநல்லூரிலிருந்து சீக்கிரமாகத்தான் கிளம்பினோம். ஆரப்பாளையத்தில், நீ டிராஃபிக் போலீசாக நின்ற அதே முனையில் கார் மாட்டிக்கொண்டது. பெரிய முகூர்த்தம், மண்டபத் தெரு முழுக்கக் கல்யாணம். எங்கள் பக்கம் பச்சை விழுந்து நாலு வண்டி நகர்வதற்குள் சிவப்பு. குறுக்குச் சாலையோ காலியாகக் கிடக்கிறது, அதற்குப் பச்சை எரிந்துகொண்டே இருக்கிறது! பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

"மாமா, இது நீங்க டைம் வச்ச சிக்னல்தான?" என்றாள் உன் மகள். தலையை ஆட்டினேன்.

"அப்பா இருந்தா இந்நேரம் விட்டிருப்பாருல்ல?"

கேலியா, அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாளா, இன்னும் தெரியவில்லை. கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். அப்படியே உன் பிடிவாதம்.

போன ஆடியில் வண்டிகளை எண்ண நான் அங்கே நோட்டோடு வந்தது ஞாபகம் இருக்கிறதா? "ஆடியில எவன் மாப்ள கல்யாணம் வைக்கிறான்? இந்தத் தெரு தூங்குற மாசத்துல எண்ணிப்புட்டு வருசம் பூரா ஓட்டப் போறியாக்கும்?" என்றாய். ஆபீசில் இந்த மாதமே கேட்கிறார்கள் என்று வெடுக்கென்று சொன்னேன். அந்தக் கணக்கை வைத்தே மண்டபத் தெருவுக்குப் பதினைந்து நொடிதான் பச்சை போட்டேன்.

அப்புறம் நீ ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. முகூர்த்தம் வந்தால் சிக்னல் பெட்டியைத் திறந்து, நீயே கையால் பச்சை கொடுத்தாய். நெரிசலே இல்லை. அது உன் கைவேலை என்று உணராமல், என் கணக்கு சரி என்று நானும் பீற்றிக்கொண்டு திரிந்தேன். மாசியில் நெஞ்சுவலியில் நீ போனாய். பெட்டியைத் திறக்க இப்போது ஆள் இல்லை. ஏன்டா, ஒரு தடவை என் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கக் கூடாதா?

முகூர்த்த நாளுக்குத் தனி நேரம் வேண்டும் என்று நேற்று எங்கள் ஆபீஸ் அதிகாரியிடம் போய் நின்றேன்.

"பஸ், கார், லாரின்னு கட்டம் இருக்கு. முகூர்த்தம்னு ஃபாரத்துல கட்டம் இருக்காய்யா?" என்கிறார். "எண்ணுனது நீங்க, கையெழுத்தும் உங்களுது. அப்ப தப்பா எண்ணுனீங்களா?"

வெளியே வந்துவிட்டேன். அவர் மேல் கோபமா, என் மேலேயா? எனக்கே புரியவில்லை மாப்ள.

அடுத்த முகூர்த்தத்தன்று காலையிலேயே போய் மறுபடி எண்ணப் போகிறேன். ஆடியில் எண்ணியது என் தப்பு, ஏழு மாதம் அதைத் திருத்திக்கொண்டிருந்தது நீ என்று அதிகாரிக்கே எழுதி, உன் பெயருக்குக் கீழே என் கையெழுத்தைப் போடுவேன். வேலைக்கு வேட்டு வைத்தால் வைக்கட்டும். இது சத்தியம்.

சொல்லியும் கேட்காத உன் மாப்ள,
உன் மகளுக்கு மாமன்,
முருகேசன்