கழுத்தை விட்டு வாசித்த படிவம்

டாக்டர் ஐயா,

இன்றைக்கும் அந்த ஸ்பிரிட் வாசனை வந்தது. பகல் பதினொரு மணி. ஹட்டன் கடைத்தெருவில் பனி இறங்கியிருந்தது. சின்ன மகளின் பள்ளிக்கூடத்துத் தடுப்பூசிச் சம்மதப் படிவத்தை மேசையில் விரித்தேன். என் கடைக்கும் உங்கள் டிஸ்பென்சரிக்கும் நடுவிலுள்ள பலகைச் சுவர் வழியாக வாசனை வந்தது. உங்கள் டிஸ்பென்சரி பூட்டி இரண்டு வருடமாகிறது. சாவி என்னிடம்தான்.

பெரியவளுக்கு முதல் படிவம் வந்தபோது உங்களிடம் வந்து கத்தினேன். "கருப்பையத் தடுக்கிற ஊசியாம். எங்க பொம்பளைங்கள கூட்டிட்டுப் போயி புள்ள பெறாம ஆக்குனது போதாதா டாக்டர்?" தேயிலைத் தோட்டத்து லயத்தில் அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

நீங்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தீர்கள். "கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசின்னு போட்டிருக்கு. கழுத்த விட்டுட்டு வாசிச்சிருக்கீங்களே முதலாளி. யாவாரத்துல இப்படி விடுவீங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் குரலைத் தாழ்த்தினீர்கள். "உங்க அம்மாவுக்கு வந்தது இதுதான். என்கிட்ட வர்றப்பவே முத்திப்போச்சு."

வீட்டில் அதைப் பெரும்பாடு, நிற்காத உதிரப்போக்கு என்றுதான் சொல்லிவந்தோம். அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.

"ரெண்டாவது ஊசியும் போடணும். மறந்தீங்கன்னா செவுத்த தட்டுவேன்" என்றீர்கள். தேநீர் வந்தால் மோதிரம் போட்ட விரலால் சுவரில் இரண்டு தட்டு; என்னை அப்படித்தான் கூப்பிடுவீர்கள்.

இரண்டாவது ஊசிக்கு முன் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். படிவம் வந்தது. முதல் ஊசியில் பிள்ளையின் கை வீங்கியதைச் சொல்லி, "ஒன்னு போட்டாச்சுல்ல, போதுங்க" என்றாள் மனைவி. நானும் படிவத்தைத் தராசுக்கு அடியில் செருகிவிட்டேன். சுவரில் இரண்டு தட்டு கேட்டது.

"எலியா இருக்கும்" என்றேன்.

"எலி மோதிரமாங்க போட்டிருக்கு?" என்றாள்.

படிவத்தை எடுத்துக்கொண்டு போய் உங்கள் டிஸ்பென்சரிப் பூட்டைத் திறந்தேன். மேசையெல்லாம் தூசி. ஸ்பிரிட் போத்தல் காய்ந்து கிடந்தது. வாசனை மட்டும் இப்போதுதான் மூடியைத் திறந்த மாதிரி. நோயாளி உட்காரும் முக்காலி, எனக்காக இழுத்துப் போட்டதுபோல் முன்னால் நின்றது. நான் உட்காரவில்லை. நின்றபடியே கையெழுத்துப் போட்டேன்.

இன்றைய படிவத்தை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன், கழுத்தை விடாமல். கையெழுத்தும் போட்டாயிற்று.

சாமான் வாங்க வரும் தாய்மார், "அந்த ஊசி நல்லதில்லையாமே அண்ணே?" என்பார்கள். படிவத்தை வாசித்துக் காட்டுகிறேன். அம்மாவுக்கு வந்த நோயின் பெயரையும் இப்போது மறைக்காமல் சொல்கிறேன். சரி என்று போகிறவர்கள் போனபின் கடை அமைதியாக இருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்று ஒருத்தி படி இறங்கினால், சுவரில் அந்த இரண்டு தட்டு கேட்கும்.

நான் தெருவுக்கு ஓடி, பனிக்குள் மறையுமுன் அவளைத் திரும்பக் கூப்பிடுகிறேன்.