மூன்று பொட்டு

2025 அக்டோபர் 6
ஆயுத பூஜை விடுமுறைக்குப் பின் முதல் நாள். செப்புத் தட்டில் எண்ணெயை மெல்லிசாக ஊற்றி, அலுமினியத் தூள் தூவி, அடியில் ஹீட்டரைப் போட்டேன். சூடான எண்ணெய் மேலே வரும், ஆறினால் கீழே இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் தேன்கூடு மாதிரி அறுகோணங்கள் தானாக அமையும். நான்கு வருடமாக இதுதான் என் ஆராய்ச்சி. இன்று நடுவில் மூன்று இடத்தில் கூடு உடைந்து வட்டமாக நின்றது. வரிசையாக.

அக்டோபர் 9
மறுபடி அதே மூன்று. கைடு கைலாசநாதன் சார் வந்து பார்த்தார். போன மாதம் வரை “தட்டைக்கூட சமமா வைக்கத் தெரியல” என்று வைத மனுஷன். இன்று, “இது புது வடிவம்மா. கட்டுரையில ஒன் பேருதான் மொதல்ல” என்றார். நம்பினேன்.

அக்டோபர் 24
கட்டுரை கருத்தரங்குக்குப் போய்விட்டது. முதல் பெயர் சார். அடுத்தது அஷ்வின் — அவர் அக்கா மகன், தலத்தெருவிலிருந்து வாரம் ஒருநாள் வந்து டீ குடித்துவிட்டுப் போகிறவன். என் பெயர் எங்கேயும் இல்லை. கேட்டேன். “எண்ணெய் ஊத்துனதுக்கெல்லாம் பேரு போட முடியுமா?”
ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. நாசமாப் போவ.

அக்டோபர் 27
தட்டைக் கழற்றினேன். ஹீட்டரின் மேல் காய்ந்த சந்தனம், குங்குமம். மூன்று பொட்டு. பூஜையன்று சார் தன் கையால் வைத்தது. நானும் பார்க்காமல் மேலே தட்டை மாட்டியிருக்கிறேன். அந்த மூன்று இடத்தில் சூடு ஏறவில்லை, அவ்வளவுதான் புது வடிவம்.
போய்ச் சொன்னேன். தலையைக்கூடத் தூக்கவில்லை. “பொறாமையில எதையாவது கெளப்பாத. போயி வேலையப் பாரு.”
போனேன். ஈரத்துணியால் ஹீட்டரைச் சுத்தமாகத் துடைத்தேன்.

அக்டோபர் 30
நாளை கருத்தரங்கு. சார் என் தட்டையும் ஹீட்டரையும் கொண்டுபோய், எல்லார் முன்னாலும் செய்தே காட்டப் போகிறாராம். காட்டட்டும்.

அக்டோபர் 31
தட்டு முழுக்க அறுகோணம். ஒன்றுகூட உடையவில்லை. “அந்த மூணு எங்கங்க?” என்றார் தலைமை வகித்த லோகாம்பாள் மேடம். அஷ்வின் சூட்டை ஏற்றினான், இறக்கினான். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்போதுதான் சார் என் பக்கம் கையைக் காட்டினார். “சோதனை முழுக்க மதிவதனி செஞ்சதுங்க மேடம். நாங்க நம்பிட்டோம்.”
எழுந்து பொட்டைப் பற்றிச் சொன்னேன். “எங்க, காட்டும்மா” என்றார் மேடம். தட்டைத் தூக்கினார்கள். ஹீட்டர் பளபளவென்று இருந்தது.

நவம்பர் 12
துறைப் பலகையில் அறிவிப்பு. பொய்யான முடிவுகள் என்பதால் கட்டுரை திரும்பப் பெறப்படுகிறதாம். கீழே, செய்தவர்: மதிவதனி. என் பெயர் மட்டும்.
துடைத்த துணியை அன்றைக்கே அலசிக் காயப்போட்டுவிட்டேன்.