அவருக்குப் பின் ஒரு நாள்

மார்ச் 4

அன்புள்ள மகனுக்கு,

நலம் என்று எழுத இந்த முறை மனசு வரவில்லை. மாடிப்படியில் மயங்கி விழுந்தேனே, இதய வால்வு சுருங்கிவிட்டதாம். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார்: "எண்பது தாண்டிடுச்சு, கிட்னியும் சரியில்ல. ஆபரேஷன் பண்ணினாலும் ரெண்டு வருஷம் தாண்டுறது கஷ்டம். மருந்தோட இருந்துக்கங்கம்மா."

மருந்தோடு எவ்வளவு நாள் என்று கேட்டேன். ஒரு வருஷமே அதிகமாம்.

நீயும் டாக்டர்தானே, அவரிடம் பேசேன். மறதி நோய் முற்றிய அப்பா நான் ஊட்டினால்தான் வாயைத் திறக்கிறார். அவரை விட்டுவிட்டு எப்படிப் போவேன்?

உன் அம்மா

மார்ச் 19

அன்புள்ள அம்மா,

ரிப்போர்ட்டுகளைப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். உன் வயதுக்காரர்களிடம் நானும் அதையேதான் சொல்வேன். ஆபரேஷன் டேபிளிலேயே ஏதாவது ஆகிவிட்டால்? இருக்கிற நாளை வலியில்லாமல் கழிக்கலாமே. அப்பாவை ஒரு நல்ல முதியோர் இல்லத்தில் சேர்க்கலாம். கோபித்துக்கொள்ளாதே.

உன் மகன்

மார்ச் 30

என் ராசாவுக்கு,

கோபமில்லை, பயம்தான். நீ சொன்னாயே என்று ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பார்த்தேன். "சாப்பிடலைன்னா மூக்குல குழாய் போட்டுருவோம், கவலைப்படாதீங்க" என்று மேட்ரன் சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்பா குழாயைப் பிடுங்குவார். கையைக் கட்டிப்போடுவார்கள்.

உங்கள் கணக்கில் இரண்டு வருஷம் ஒன்றுமே இல்லை. எனக்கு அது தாராளம். அப்பாவுக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான் என்கிறார் அவருடைய டாக்டர். அவருக்குப் பின் ஒரு நாள் நான் இருந்தால் போதும்.

வேறோர் ஆஸ்பத்திரியில் ஒப்புக்கொண்டார்கள். பத்தாம் தேதி ஆபரேஷன். உன் காலில் விழுந்து கேட்கிறேன்டா, தடுக்காதே. வந்து அப்பாவோடு இரு.

அம்மா

ஏப்ரல் 17

அம்மா,

நீ கண் விழித்ததும் நர்ஸ் இதைப் படித்துக் காட்டுவார். வால்வு நன்றாக வேலை செய்கிறது. உனக்கு நினைவுதான் திரும்பவில்லை. ஐ.சி.யூ. டாக்டர் என்னைத் தனியே அழைத்து, "உங்களுக்கே தெரியும் டாக்டர். இந்த வயசுல, ஒரு வாரமா நினைவு இல்லைன்னா..." என்று ஆரம்பித்தார்.

"முடிக்காதீங்க சார்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு வாரமாக இரண்டு வாய் கஞ்சி மட்டும் விழுங்கிவந்த அப்பா, நேற்றிலிருந்து எதையும் விழுங்கவில்லை. குழைத்துக் கொடுத்தேன், கெஞ்சினேன், அதட்டியும் பார்த்தேன். கடைசியில் உன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு வாசலையே பார்க்கிறார்.

நீ போய்ப் பார்த்த இல்லத்திலிருந்து போன் வந்தது. ஒரு படுக்கை காலியாகியிருக்கிறதாம். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எழுந்து வந்து, வேண்டாம் என்று நீயே சொல்லும்மா.

உன் மகன்