ஒன்பது நாள் காய்ந்த படகு

அக்கா,

இன்று காலை எங்கள் தெருவில் ரோடு போடத் தார் காய்ச்சுகிறார்கள். பூஜை அறை வரைக்கும் வாடை வந்துவிட்டது. மருமகள் ஜன்னலைச் சாத்தப் போனாள். திறந்தே இருக்கட்டும் என்றேன். சாம்பிராணிப் புகைக்கு நடுவே தார் வாடையை இழுத்து இழுத்து மூச்சு விடுகிறவளைப் பார்த்து அவள் என்ன நினைத்தாளோ. எனக்கு நம் படகின் அடிப்பக்கம்தான் கண்ணில் நின்றது. பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து அதன்மேல் தாரை ஊற்றுவீர்கள். விரலில் ஒட்டியதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே, "இதுவும் மருதாணிதான் தங்கச்சி. வெளுக்கும், போகாது" என்பீர்கள்.

நம் சங்கத்தைப் பற்றி இப்போது யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். திண்டுக்கல் சீமையில் படகா, அதையும் பொம்பளைகளா வலித்தார்கள் என்று. அப்போதும் சிரிக்கத்தான் செய்தார்கள். நம் குளத்தில் நாலு மாதம் தண்ணீர், எட்டு மாதம் வெடிப்பு. தண்ணீர் நிற்கும் நாலு மாதமும் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டுமானால் கரையைச் சுற்றி மூன்று மைல் நடை. குளத்தை அளக்க வந்த மராமத்துக்காரர்கள் விட்டுப்போன பழைய படகு பஞ்சாயத்துக் கொட்டகையில் குப்புறக் கிடந்தது. மாதர் சங்கத்துக்கு அதைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியவர் நீங்கள். தோல் மண்டிக் கணக்குப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு தொண்டிப் பக்கமிருந்து எங்கள் ஊருக்கு வந்தவர். கடலோரத்தில் பிறந்த கை சும்மா இருக்கவில்லை.

எட்டுப் பேர் சேர்ந்தோம். யாருக்கும் கூலி கிடையாது. நீங்கள் தலைவி, நான் நோட்டுக்காரி. மளிகைப் பொட்டலத் தாளைப் பிரித்துப் பிரித்து எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். என் கையில் நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, "ஒரு நாளும் விடாம எழுதணும். நல்லதை மட்டும் எழுதுறதுக்குப் பேரு நோட்டு இல்ல" என்றீர்கள். இன்றைக்கு யார் துடுப்புப் போட்டாள், எத்தனை நடை, யார் முறை தவறினாள், எல்லாம் எழுதினேன். என் முறை தவறினால் அதையும் எழுதினேன்.

தண்ணீர் வற்றிய மாதங்களில் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காய்ந்த குளத்துக்குள் வரிசையாக உட்கார வைத்துக் காற்றில் துடுப்பு வலிக்கச் சொல்வீர்களே, அதைத்தான் ஊரே வேடிக்கை பார்த்தது. ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவர் ஒருநாள் நின்று கேட்டார்.

"ஏத்தா, எந்த ஊருக்குப் போய்க்கிட்டு இருக்கீக?"

"ஒங்க மாமியா ஊருக்குத்தாண்ணே," என்றீர்கள், துடுப்பை நிறுத்தாமல். "ஏதும் சேதி சொல்லணுமா?"

அவர் அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

துடுப்பைவிடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. படகைக் காயவிடக் கூடாது. காய்ந்தால் பலகை சுருங்கி இடுக்கு வாய் பிளக்கும். அதனால் கோடையில் படகைக் கிணற்றடியில் போட்டு, முறை வைத்து ஒருத்தி ஒரு நாளைக்கு ஆறு குடம் அதற்குள் ஊற்றினோம். குடிக்கிற தண்ணீருக்கே வரிசை நிற்கிற ஊரில் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று பேசினார்கள். நாம் ஊற்றியது உப்புக் கிணற்றுத் தண்ணீர் என்று யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம் என்றீர்கள். நாமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் சிறுமலைப் பக்கம் முன்னதாகவே மழை. புரட்டாசியிலேயே குளம் பாதி நிறைந்தது. புதிதாக மீன் குத்தகை எடுத்தவருக்குப் படகின்மேல் கண். "பொம்பளைகளுக்கு எதுக்கு இது? ஒருநாள் புள்ளைகளோட கவுத்துப்புடுவாக" என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார். தலைவர் கரைக்கு வந்து நம் எட்டுப் பேரையும் கூப்பிட்டார்.

"விஜயதசமி அன்னைக்கு நான் வாரேன். நீங்களே வலிச்சு, என்னைய அக்கரைக்குக் கூட்டிட்டுப் போய்த் திரும்பக் கொண்டாந்து விடுங்க. வேட்டி நனையக் கூடாது. நனையலைன்னா படகு ஒங்களுது. நனைஞ்சா குத்தகைக்காரருக்கு. அம்புட்டுத்தேன்."

இதெல்லாம் ஒரு பரீட்சையா என்று நாம் சிரித்தோம். அந்தச் சிரிப்போடுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

காலாண்டு லீவு. பிள்ளைகளை ஏற்றிப் போகிற வேலை இல்லை. நவராத்திரி ஒன்பது நாளும் படகுக்குப் பூஜை போட்டுவிட்டுப் பத்தாம் நாள் இறக்கினால் எந்தக் குத்தகைக்காரன் கண்ணும் படாது என்று எனக்குத் தோன்றியது. இரண்டு மூன்று பேரைக் கூட்டி வந்து படகைக் கரையில் ஏற்றிக் கல்லின்மேல் நிறுத்தினேன். கழுவித் துடைத்து, ஒவ்வொரு பலகைக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன். துடுப்புகளை உள்ளே அடுக்கிக் கோலம் போட்டேன். தண்ணீர் ஊற்றினால் சந்தனம் கரையும் என்று குடத்தோடு வந்தவளைத் திருப்பி அனுப்பினேன். மழை ஓய்ந்து ஒன்பது நாளும் சுள்ளென்று வெயில். நோட்டில் ஒவ்வொரு நாளும் 'நீர் ஊற்றவில்லை, பூஜை' என்று எழுதினேன். எழுதிய எனக்கு அதன் அர்த்தம் உறைக்கவில்லை.

உங்களுக்கு உறைத்திருக்கிறது. ஐந்தாம் நாள் தொழுகை முடித்து வந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படகைச் சுற்றி வந்தீர்கள். ஒரு பலகை ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

பத்தாம் நாள் கரையெல்லாம் கூட்டம். தலைவர் சலவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுப்பலகையில் உட்கார்ந்தார். நாலு பேர் துடுப்பில். நான் மூன்றாவது. நீங்கள் பின்னால், திசை திருப்பும் துடுப்பைப் பிடித்திருந்தீர்கள். இருபது வலி வலித்திருப்போம். என் பாதம் குளிர்ந்தது. குனிந்து பார்த்தால் சந்தனம் கரைந்த தண்ணீர், மஞ்சளாக, நாலு பக்கமிருந்தும் ஊறி வருகிறது. நடுக்குளத்தில் கணுக்காலுக்கு வந்துவிட்டது.

"திருப்பு, திருப்பு," என்று தலைவர் எழுந்தார்.

"உக்காருங்க மொதல்ல," என்றீர்கள். "திருப்புனாலும் அதே தூரந்தேன். இந்தாங்க போணி. மோந்து வெளியில ஊத்துங்க."

"நானா?"

"கை சும்மாதானங்க இருக்கு."

ஊர்த் தலைவர் அலுமினியப் போணியால் தண்ணீர் மொண்டு ஊற்றுவதைக் கரையிலிருந்து அத்தனை பேரும் பார்த்தார்கள். அக்கரை சேர்ந்தபோது அவர் வேட்டி முழங்கால் வரை நனைந்து மஞ்சள் பிடித்திருந்தது. இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதை யாரு பார்த்துக்கிட்டது?"

மடியில் வைத்திருந்த நோட்டை எடுத்தேன். ஒன்பது நாளையும் வரி விடாமல் வாசித்தேன். "நான்தாங்க. சாமி காரியம்னு நெனச்சுக் காயப்போட்டேன்."

நீங்கள் குறுக்கே வந்தீர்கள். "எனக்கும் தெரியும்ங்க. அவ சாமிக்கு வச்சதுமேல நான் தண்ணி ஊத்துனா அவ மனசு நோகும்னு வாயை மூடிக்கிட்டேன். ரெண்டு பேரு தப்பு."

அந்தப் பேச்சுக்கு இன்றுவரை உங்கள்மேல் எனக்குக் கோபம்தான் அக்கா. ஐந்தாம் நாளே என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். என் முருகன் ஆறு குடம் தண்ணீருக்குக் கோபித்துக்கொள்கிறவனா? என்னைத் தெரிந்த அளவு உங்களுக்கு அவனைத் தெரியவில்லை.

"தப்பு யாருதா இருந்தா என்ன? வேட்டி நனைஞ்சுபோச்சு. படகு அவருக்கு," என்று சொல்லிவிட்டுத் தலைவர் கரையைச் சுற்றி மூன்று மைலும் நடந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் நீங்கள் படகுக்குள் கல்லை அடுக்கச் சொன்னீர்கள். முழங்கால் ஆழத்தில் அதை அப்படியே அமுக்கினோம். குடித்துக்கொள்ளட்டும், மறுநாள் விட்டு மறுநாள் எடுக்கலாம் என்றீர்கள். அந்த இரண்டு நாளும் எட்டுப் பேரும் முறை வைத்து அந்தக் கரையில் உட்கார்ந்திருந்தோம். வீட்டில் சோறு ஆறிப்போனது. என் வீட்டுக்காரர் வந்து நின்று பார்த்தார். திரும்பிப் போய், தூக்குச் சட்டியில் சோறும் வெஞ்சனமும் கொண்டுவந்து வைத்தார்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் திறக்கிற காலை. கல்லை எடுத்து, தண்ணீரை இறைத்தோம். மிதந்தது. உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன், ஓர் இடுக்கிலும் கசிவு இல்லை. இக்கரைக்கு வலித்து வந்தபோது பிள்ளைகள் பையோடு நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் குத்தகைக்காரரும் இரண்டு ஆட்களும்.

"பஞ்சாயத்துல சொல்லியாச்சு. எறங்குங்க எல்லாரும்."

நான் உங்களைப் பார்த்தேன். எப்போதும் பதில் சொல்கிறவர் நீங்கள். அன்று நீங்கள் துடுப்பைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். காயப்போட்டவள் நான். பேச வேண்டியவளும் நான் என்று எனக்குப் புரிந்தது. வீட்டு ஆம்பளைகளைத் தவிர வேறு ஆம்பளை முகம் பார்த்து அதுவரை நான் எதிர்த்துப் பேசியது கிடையாது.

"தர மாட்டோம்ணே."

"என்னது?"

"காயவச்சது எங்க தப்பு. அதை நாங்களே சரிபண்ணிட்டோம். இது புள்ளைக போற படகு. தர மாட்டோம். ஏறுங்கப்பா."

பிள்ளைகள் ஏறினார்கள். ஒருத்தி அவர் வேட்டியை உரசிக்கொண்டே ஏறினாள். அவர் ஆட்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் அக்கரையைப் பார்த்தார். நாம் வலித்துப் போய்விட்டோம். படகு நமக்கு என்று பஞ்சாயத்து எந்தத் தாளிலும் எழுதித் தரவில்லை. பாலம் வந்த வருஷம் வரை யாரும் வந்து கேட்கவும் இல்லை.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு தினமும் காலையில் விளக்கேற்றும்போது உங்கள் பெயரையும் சொல்கிறேன். போன மாதம் சம்பந்தியம்மா காதில் விழுந்துவிட்டது. "சாமி முன்னால சொல்ற பேரா இது? அவுக வேற, நாம வேற. விட்டுருங்க" என்றார். மகனும் பக்கத்தில் நின்று, "அதுக்கென்னம்மா, மனசுக்குள்ள சொல்லிக்கங்களேன்" என்றான்.

விட மாட்டேன் என்றேன். நான் சொன்ன தினுசில் சம்பந்தியம்மா ஓரடி பின்னால் போனார், மகன் குனிந்து விளக்குத் திரியைத் தூண்டிவிட்டான். அந்தத் தினுசு எனக்கு எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

நாளைக் காலையும் சொல்வேன் அக்கா, முருகன் பெயருக்கு அடுத்ததாக. சத்தமாகவே சொல்வேன்.