கிராணி வீட்டுக் கோழிக்கூட்டில் சிவப்புத் தூள்

உலு திராம், 1934 பெப்ரவரி 20, செவ்வாய்

இந்த வீட்டில் மூளையுள்ளவன் நான் ஒருவன்தான் என்பது இன்றைக்கு மறுபடியும் நிரூபணமாயிற்று. என் தங்கை வினிஃப்ரெட்டின் புருஷர் கிரகோரி, எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி, காலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு வந்து தீர்ப்புச் சொன்னார். கூடு நாறுகிறதாம். முட்டையும் இல்லையாம். உயிர்ப்புத் திருநாள் பாஸ்காவுக்குள் நாற்றம் போய் முட்டை வராவிட்டால் அத்தனை கோழியும் பாஸ்கா விருந்தில் குழம்பாம்.

வினிஃப்ரெட் குஞ்சிலிருந்து வளர்த்த புள்ளிக்கோழியைப் பார்த்தபடி நின்றாள். இந்த வீட்டில் அவளுடையது என்று வேறு என்ன இருக்கிறது? சட்டி பானைகூட மாமியார் கொடுத்தது.

விடுங்கள் என்னிடம் என்றேன். ஜொகூர் பாருவில் ஒரு துரை பங்களாவில் முந்நூறு கோழிக்கு மேற்பார்வை பார்த்தவன் நான். முப்பது என்று வினிஃப்ரெட் முணுமுணுத்தாள். அவளுக்கு எண்ணத் தெரியாது.

பெப்ரவரி 22

தபசு காலம் முடியும்வரை மாமிசம், மீன், முட்டை எதையும் தொடுவதில்லை என்று கிரகோரி போன வாரமே கோயிலில் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார். வீட்டில் வெறுங்கஞ்சி. குடிக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே, சுரூபத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்கலாம். ஆனால் ஆள் இளைத்த மாதிரி தெரியவில்லை. பரிசுத்தமும் சதை போடுமோ?

பெப்ரவரி 24

கூட்டுக்கு வெறும் மண்தரை. எச்சம் ஊறாமல் என்ன செய்யும்? கோழிக்குக் கீழே எதையாவது பரப்ப வேண்டும். எதை என்பதில்தான் அறிவு இருக்கிறது.

மாட்டுவண்டிக்கார அய்யாவு வேலி ஓரமாக நின்று யோசனை சொன்னான். கேட்டேனா? "மாமா, லாலாங் புல்லை நல்லாக் காயவெச்சு நறுக்கிப் போடுங்க. மேல கொஞ்சம் அடுப்புச் சாம்பல் தூவுங்க. அது போதும் லா." ஊருக்கே நான் மாமா. அதற்காக ஊரே எனக்குப் புத்தி சொல்லலாமா? மாட்டோடு பழகினவனுக்குப் புல்லைத் தவிர என்ன தெரியும்.

ஆற்று மணல் கொண்டுவந்து பரப்பினேன். துரை பங்களாவில் பளிங்கு மணல்.

பெப்ரவரி 28

மழைச் சாரல் அடித்து மணல் கஞ்சியாகிவிட்டது. மணல் மேல் குற்றமில்லை. ஜொகூர் மழைக்கு ஒழுங்கு கிடையாது.

மார்ச் 6

போகட்டும் என்று அய்யாவுவின் லாலாங்கையும் போட்டுப் பார்த்தேன். காயவைப்பதெல்லாம் நேரம் போகாதவர்கள் வேலை. பச்சையாகவே அறுத்துப் போட்டேன். உள்ளே வெந்து, பூசணம் பிடித்து, செள்ளு ஏறிவிட்டது. கோழிகள் ராத்திரியெல்லாம் சொறிகின்றன. இதுதான் அய்யாவு யோசனையின் லட்சணம்.

வினிஃப்ரெட் புள்ளிக்கோழியை மடியில் போட்டுச் செள்ளு எடுத்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, உங்களாலதான் இதுங்களுக்குச் சாவுன்னு இருக்கா?" என்றாள். தங்கை பேசுகிற பேச்சா இது! அன்றைக்கே பச்சைப் புல்லை வாரி வெளியே கொட்டினேன். 

மார்ச் 10

கண்டுபிடித்துவிட்டேன். மரவாடியின் பின்பக்கம் ஒரு குவியல் மரத்தூள், குங்கும நிறத்தில், பட்டு மாதிரி, சொட்டு ஈரமில்லை. யாரும் தொடாமல் கிடக்கிறது. மரவாடி முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, ஓடி வந்து, "ஜாங்கான் லா! ரெங்காஸ்!" என்று வேண்டாமென்று கையை ஆட்டினான். ரெங்காஸ் மரமாம். பட்டால் சிலருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்கு மூஞ்சி வீங்கிக் கொப்பளித்துவிடுமாம். நல்ல சரக்கென்றால் இப்படித்தான் பயங்காட்டுவார்கள். நான்கு சாக்கு அள்ளி வந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கையில் கொஞ்சம் அரிப்பு. வேர்க்குரு.

கணுக்கால் உயரத்துக்குப் பரப்பினேன். பாஸ்காவரைக்கும் என்னைத் தவிர யாரும் கூட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். பரப்பினதை மிதித்துக் கெடுக்கத்தான் இவர்களுக்குத் தெரியும். வினிஃப்ரெட் தீனியை வெளியிலிருந்தே எறிகிறாள்.

மார்ச் 14

நாற்றம் போயிற்று. கிரகோரி மூக்கைப் பொத்தாமல் வந்து நின்று, முட்டை எங்கே என்றார்.

மார்ச் 19

விடியற்காலையில் கோழிகள் கொக்கரிப்பது கேட்கிறது. நான் எழுந்து போவதற்குள் முட்டை காலி. உடும்பாகத்தான் இருக்கும். தோட்டத்து ஓரம் ஒன்றைப் பார்த்தேன், முதலை அளவு. வினிஃப்ரெட் கேட்டுவிட்டு, "உடும்பு முட்டை திங்கட்டும் அண்ணே. அது கதவைத் திறந்து திரும்பக் கொக்கியும் போடுதா?" என்றாள். பெண்பிள்ளை யோசனை.

குழம்புக்கு மசாலா அரைக்க ஆள் சொல்லியாகிவிட்டது என்றார் கிரகோரி.

மார்ச் 23, வெள்ளி

சிலுவைப்பாதை. முன்னால் நின்று செபம் சொல்பவர் எப்போதும் கிரகோரிதான். இன்றைக்கு அவர் திரும்பியதும் கோயிலே மூச்சைப் பிடித்தது. உதடு இரண்டும் எண்ணெயில் பொரித்த பிசாங் கோரெங் வாழைப்பழம் போல வீங்கி, விரலெல்லாம் கொப்பளம். செபம் பாதி காற்றாகப் போகிறது. எறும்பு கடித்ததாம்.

வீட்டுக்கு வரும் வழியில் அய்யாவு வண்டியிலிருந்தே எட்டிப் பார்த்தான். "கிராணி ஐயா ரெங்காஸ்ல கை வெச்சிட்டாரா? நானும் மரம் இழுத்தவன்தான், தெரியாதா எனக்கு."

எனக்கு நடை நின்றுவிட்டது. கூட்டுக்குள் போகிறவன் நான் ஒருவன்தானே?

மார்ச் 24

விடிந்ததும் தூளை மூலை மூலையாகக் கிளறினேன். அடியில் முட்டை ஓடுகள், குவியலாக. உடையாத ஓடு. ஒவ்வொன்றின் இரு நுனியிலும் அளவாக ஊசித்துளை. எந்த உடும்பு ஊசி வைத்திருக்கிறது?

வாயை வைத்து உறிஞ்சியிருக்கிறார்! ஓட்டில் ஒட்டின தூள் உதட்டில் ஏறாமல் எங்கே போகும்? முட்டை போடுகிற கோழிக்கு முட்டை போடாத குற்றம் சாட்டி, சாவுத்தீர்ப்பும் சொல்லி, விடியற்காலையில் அதே முட்டையைக் குடித்துவிட்டுக் கோயிலில் போய்... இவரா பெரிய கிராணி? இவருக்கா நாங்கள் எல்லாம் எழுந்து நிற்க வேண்டும்?

ஒரு ஓட்டை எடுத்துப்போய் அவருடைய மேஜையில் வைத்தேன். ஓட்டைத் திருப்பித் துளையைப் பார்த்தார்.

"மச்சான், கஞ்சி மட்டும் குடிச்சா எனக்குத் தலை சுத்துது. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். இனி எப்படி..."

"கோழி?"

"இருக்கட்டும்."

"எல்லாமா?"

"எல்லாமும்."

அந்தத் தூளை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பது இப்போது விளங்கியிருக்கும். திருடனைப் பிடிக்கத் தூளைவிட நல்ல போலீஸ் கிடையாது. தவுக்கேக்கு இதெல்லாம் புரியாது.

மார்ச் 25, குருத்து ஞாயிறு

கோயில் வாசலில் கூட்டம் கிரகோரியைச் சுற்றிக்கொண்டது. எறும்பு என்றால் யார் நம்புவார்? மனிதருக்கு ஒரு பொய்கூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. சகிக்காமல் நானே முன்னால் போனேன். குளவிக்கூடு என்றேன். பலாப்பழ அளவு என்றேன். பால்மரம் சீவப் போன பெண்கள் மேல் விழ இருந்ததை இவர் இரண்டு கையாலும் பிடித்து ஓடையில் எறிந்தார் என்றேன். ஒரு கிழவி அவருடைய கையைப் பிடித்து முத்தி செய்தாள். கிரகோரிக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமா, உதட்டு வலியா, நான் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது வினிஃப்ரெட் என் பக்கத்தில் நடந்தாள். "அண்ணே, என் தையல் ஊசி காணாமப் போய் ரொம்ப நாளாச்சு," என்றாள். 

மார்ச் 28

சிவப்புத் தூளை அள்ளிக் குழியில் புதைத்தேன். வினிஃப்ரெட் இனி உள்ளே போய்வர வேண்டும். லாலாங் காய்கிறது. சாம்பலும் எடுத்து வைத்திருக்கிறேன். சாம்பல் தூவுவது என் சொந்த யோசனை.

ஏப்ரல் 1, பாஸ்கா

விருந்துக்கு ஆட்டுக்கறி. எல்லாரும் உட்கார்ந்த பிறகு வினிஃப்ரெட் கொல்லையிலிருந்து வந்தாள். முந்தானையில் முட்டை, கதகதவென்று. இரண்டை எடுத்துக் கிரகோரியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதன் பக்கத்தில் ஒரு புதுத் தையல் ஊசியையும் வைத்தாள்.

அவர் நிமிரவில்லை. ஊசியை எடுத்துத் துளை போட்டார்.

எனக்கு அவித்தது ஒன்று. பெரியது, ஏறக்குறைய வாத்து முட்டை அளவு.