கிருமி இல்லாத தட்டு

நாள் 211, 08:10
உலக மக்களுக்கு அறிவிப்பு: செவ்வாயைச் சுற்றும் இந்த நிலையத்தின் கடைசி மாங்காய் ஊறுகாய்ப் பொட்டலம் இன்று காலை இயற்கை எய்தியது. துக்கம் அனுசரிப்போர் மூவர்: டாக்டர் செண்பகவல்லி அக்கா, பொறியாளர் அன்வர்தீன் அண்ணன், மாணவர் ஒதுக்கீட்டில் வந்த பதினேழு வயது ரெக்ஸனாகிய நான். அண்ணனுக்கு நீராவிக் குழாய் வெடித்து முதுகு வெந்திருக்கிறது. அவர் செல்களிலிருந்தே அக்கா ஆய்வகத் தட்டில் தோல் வளர்க்கிறார். நாலு நாளில் ஒட்டிவிடலாம். என் குறும்புகளில் ஒன்றுகூட இதுவரை பிடிபட்டதில்லை என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

நாள் 212, 07:30
தட்டில் பச்சை ஒளி. கிருமி தாக்கியதாக அழற்சிச் செய்தி வந்து ஆபத்து மரபணு விழித்தால் செல் பச்சையாக மினுங்கும்; அக்காவின் ஏற்பாடு. இண்டர்காமில் அக்கா: "ரெக்ஸா, கிருமி ஏதோ நுழைஞ்சிருக்குலே. தட்டுப் பக்கம் வராத."
துப்பறியும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன்.

நாள் 213, 11:05
மூன்று சோதனை. உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பச்சை பரவுகிறது. ஒரு செல் அலறுகிறது. அந்தச் செய்தி பக்கத்துச் செல்லில் போய் ஒட்டுகிறது. தகவல் உட்கருவுக்குள் இறங்க, உறங்கிக் கிடந்த மரபணு எழுந்து, செல்லை உள்ளிருந்தே நறுக்கும் நொதிகளைச் செய்யச் சொல்கிறது. செல் வெடிப்பதில்லை. சுருங்கி, தன்னையே குட்டிக் குட்டி மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டு அணைகிறது. பிறகு அடுத்தது. எனக்குப் பயமில்லை. இந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை அழித்து எழுதினேன்.
படுக்கையிலிருந்து அண்ணன்: "என்ன தம்பி, என் தோலு என்னைய விட்டுட்டு எங்க கெளம்பிருச்சு?"

நாள் 214, 14:20
தட்டு முழுக்க இருட்டு. அக்கா: "உறைபெட்டியில மிச்சம் எடுத்து வச்சிருக்கிற அவரு செல்லுக்குள்ளயே ஏதோ வைரஸ் இருக்கணும், சோதனைக்குச் சிக்கல. பரவினா மூணு பேரும் காலி. அதையும் எரிச்சிருவோம்."
புதிதாகச் செல் எடுக்க அண்ணன் உடம்பு தாங்காது.

14:35
உலைக் கதவைப் பிடித்தது நான். சொல்ல வாயெடுத்தேன். காதுக்கருவியில் அக்கா: "சூடுலே, தள்ளி நில்லு." தள்ளி நின்றேன்.

நாள் 216, 09:50
அண்ணனுக்குக் காய்ச்சல் நாற்பது டிகிரி. இண்டர்காமில் என்னைக் கூப்பிடுகிறார்: "தம்பி, எதாச்சும் சொல்லேன். சிரிக்கணும் போல இருக்கு."

இங்கே சொல்கிறேன். நாள் 212 அக்காவின் பிறந்தநாள். தட்டு பச்சையாகச் சிரித்து வாழ்த்தட்டும் என்று, முந்தின இரவே, கொதிக்கவைத்த கிருமிக் கரைசலில் குச்சியைத் தோய்த்து, அந்தத் தோல்மேல் ஒரு சிரிப்பு முகம் வரைந்தேன். செத்த கிருமி என்ன செய்துவிடும்? அதன் உடைந்த மேலுறை பட்டாலே செல்கள் அலறும் என்று எனக்குத் தெரியாது. காலை ஆறு மணிக்கு முகம் அழகாகத்தான் சிரித்தது. அக்கா வருவதற்குள் வாய் காதுவரை விரிந்து, கண்கள் கரைந்து, வெறும் பச்சையாகிவிட்டது.

உறைபெட்டியில் இருந்தவை நல்ல செல்கள்.

நான் துப்பறிபவனும் இல்லை, ஒன்றும் இல்லை. பயந்தாங்கொள்ளி. அண்ணன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பேசும் பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது. கை அதுவரை போகிறது, அப்புறம் இந்தக் குறிப்பேட்டுக்கே திரும்பி வந்துவிடுகிறது.