வலது கையால் பிடித்த படகு

தண்ணீரில் இறங்கிவிட்டால் யார் கூப்பிட்டாலும் காதில் போட்டுக்கொள்ளாத என் வசந்தி அக்காவுக்கு,

டாக்குரியாவில் உன் நீச்சல் கிளப்பில் உன் படத்தை மாட்டியிருக்கிறார்கள். கங்கையில் நீ ஜெயித்த போட்டிகள், கடலில் நீந்தியது, உன்னைப் பார்த்து ஆற்றில் இறங்கிய பெண்கள் என்று எல்லாம் கீழே வங்காளத்தில் இருக்கிறது. கடைசிப் போட்டிக்கு மட்டும் ஒரே வரி. தோள் வலியால் விலகினாராம்.

அந்த வரிதான் என்னைக் குடைகிறது.

அன்று துணைப் படகில் இருந்தவள் நான். மூங்கில் கழி நுனியில் கட்டிய குவளையில் உப்புக் கஞ்சி ஊற்றி உன்னிடம் நீட்டுவது என் வேலை. நீ குடிக்கலாம், ஆனால் படகைத் தொடக் கூடாது. தொட்டால் போட்டி முடிந்தது. நீ ஜெயிக்க வேண்டும் என்று நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தேன். சொன்னால் கிண்டல் செய்வாய் என்று உன்னிடம் மூச்சுவிடவில்லை.

நீதான் முதலில் போய்க்கொண்டிருந்தாய். முடிவுப் படித்துறை தெரிய ஆரம்பித்திருந்தது. வெயிலில் எனக்குக் கண் இருட்டியது. விழித்தபோது நீ படகுக்குள் இருந்தாய், என் தலை உன் ஈர மடியில்.

"தோள் பிடிச்சுக்கிச்சுடி. படகைப் பிடிச்சு ஏறினா, நீ இங்க சுருண்டு கெடக்கே" என்றாய். நாங்கள் எல்லோரும் நம்பினோம். அம்மா உன் வலது தோளில் நாள் கணக்காகத் தைலம் தேய்த்தாள். நீயும் சமர்த்தாகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

என் மகள் தியா அடுத்த மாதம் அதே ஆற்றில் நீந்தப் போகிறாள். தமிழைவிட வங்காளம்தான் அவளுக்குச் சரளம் என்றாலும் கேள்வி கேட்பதில் குறை வைப்பதில்லை. உன் படத்தின் முன்னால் நின்று கேட்டாள்.

"பெரியம்மாவுக்கு எந்த ஷோல்டர் வலிச்சுது?"

"வலது."

"எந்தக் கையால படகைப் பிடிச்சாங்க?"

படகுக்காரர் அன்று சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் திரும்பிப் பார்த்தபோது நீ வலது கையால் படகைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாயாம். அதைச் சொன்னேன்.

"வலிக்கிற கையால யாராவது தொங்குவாங்களாம்மா?"

இத்தனை வருஷம் இது எனக்குத் தோன்றவே இல்லையே, அக்கா. மூச்செடுக்கத் தலையைத் திருப்பும் அந்த ஒரு நொடியில் நான் விழுந்ததைப் பார்த்தாயா? படித்துறையையும் ஒரு தடவை பார்த்தாயா? நீ சொன்னது பொய்யென்றால், அத்தனை சுலபமாகச் சொல்ல எங்கே கற்றாய்? கோபமாக வருகிறது, கட்டிக்கொள்ளவும் தோன்றுகிறது. நீ இல்லை.

தியா போட்டிக்கு என்னைத்தான் படகில் உட்காரச் சொல்கிறாள். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அன்று காலை வயிறு நிறைய இட்லி சாப்பிட்டு, தொப்பி போட்டுக்கொண்டுதான் ஏறுவேன். அவளுக்கு ஒரு குவளை கஞ்சி நீட்டினால் நானும் ஒரு குவளை குடிப்பேன். என்னால் இன்னொரு கை படகைத் தொடாது.

விரதத்தை விட்டுவிட்ட உன் தங்கை,
ராதா